முப்பத்தெட்டு நொடி

கடைப் பையன் நாலு வானொலிகளை வரிசையாக வைத்தான்.
ஒன்றுக்கு முகம் முழுக்கக் கண்ணாடி.
ஒன்றோடு பேசினால்தான் விழிக்குமாம்.
பதில் வராத இடத்தில் பேசிப் பேசி
ஏற்கெனவே ஓய்ந்தவள் நான்.
மூன்றாவது என் அடுப்பைவிட விலை.
"மாவுக் கையால் திருகலாமா?" என்றேன்.
"முப்பதாயிரம் நிலையங்கள், அம்மா."
"திருகலாமா?"
மேலாளரைக் கூப்பிடப் போனான்.

நாலாவதோடு பேருந்து ஏறினேன்.
மரம்போல நடிக்கும் பிளாஸ்டிக்,
நடுவில் ஒற்றைக் குமிழ்,
கீழே ஆறு பொத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அது கேட்ட முதல் கேள்வி
கடவுச்சொல்.
குமிழைத் திருகித் திருகி
ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்க வேண்டும்.
வைஃபை மாட்டிய அன்று வில்மார் வைத்த சொல்:
அவன் பெயர், ஒரு கோடு, என் பெயர்,
இந்த வீட்டுக்கு வந்த ஆண்டு.
அவன் போனதும் பூட்டை மாற்றினேன்,
மெத்தையை மாற்றினேன்,
இதை மட்டும் யார் நினைத்தார்கள்?
ஓரெழுத்து தாண்டிப் போய்விட்டது; திரும்பி வந்தேன்.
தவறு என்றது. மறுபடி முதலிலிருந்து.
மூன்று முறை அவனை எழுத்துக்கூட்டின என் விரல்கள்.
'இணைந்தது' என்றது திரை,
ஊர் நிலவரம் தெரியாமல்.

ரொட்டிக்கடை வேலை நாலு மணிக்கு.
மூன்றுக்கு எழுந்து ஒன்றை அழுத்துவேன்:
ரெய்க்யாவிக்கில் அப்போது காலை ஆறு,
ஒருத்தி எதையோ வாசிக்கிறாள்,
வானிலையாக இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன்.
ஒரு சொல் புரியாது. அதுதான் வசதி,
அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.
இரண்டில் திபிலிசி; ஆண்கள் கூட்டமாகப் பாடுவார்கள்,
கனமான மேசையை ஒன்றாகத் தூக்குகிறவர்கள் போல.
ஐந்தில் இருந்த டஹிட்டி ஒருநாள் காணோம்.
'நிலையம் கிடைக்கவில்லை.'
தீவே முழுகிவிட்டதோ என்று
கெட்டிலை அடுப்பில் மறந்தேன்.
ஒன்றுமில்லை, முகவரி மாறியிருக்கிறது.

ஆறாவது பொத்தான் எங்கள் மான்டிவிடியோ,
ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டத்துக்காக.
பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வாஷிங்டன் பிரிஸ்.
இங்கே அப்படித்தான் பெயர் வைப்பார்கள்;
அமெரிக்கா எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரியாது.
அவரிடம் இருப்பது பழைய டிரான்சிஸ்டர்,
ரப்பர் வளையம் போட்டுக் கட்டியது.
என் வானொலியில் பந்து இன்னும் நடுக்களத்தில்,
சுவருக்கு அந்தப்புறம் அவர் கத்திவிட்டார்:
கோல்!
அடுப்புக் கடிகாரத்தை வைத்து அளந்தேன்,
முப்பத்தெட்டு நொடி.
மாத்தேயை உறிஞ்சியபடி காத்திருக்கிறேன்,
நடந்து முடிந்தது நடப்பதற்காக.
பெனால்டி என்றால் சுவரில் காதை வைப்பேன்.
அங்கே நிசப்தம் என்றால்
இங்கே ஆட்டக்காரன் ஓடிவரும்போதே
அவனுக்காக எனக்கு வருத்தமாக இருக்கும்.

வில்மார் விஷயமும் இப்படித்தான்.
கசாப்புக்கடைக்குத் தெரியும், மருந்துக்கடைக்குத் தெரியும்,
எனக்கு வந்து சேர எட்டு மாதம்.

ஆகஸ்டில் தெற்கிலிருந்து புயல்.
ஆட்டம் முடியப் பத்து நிமிடம், சமநிலை.
இணையம் போய்விட்டது.
திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
குமிழைத் திருகினேன், தட்டினேன்,
தாயைப் பழித்தேன், அதன் தாயை.
அப்போது சுவரில் இரண்டு தட்டு.
பிறகு டிரான்சிஸ்டர் உரத்தது,
கரகரப்போடு, மேலும் உரத்தது,
என் அலமாரித் தட்டுகள் அதிரும் அளவுக்கு.

ஞாயிறுதோறும் முப்பத்தெட்டு நொடி பிந்தி
ஒரு பெண் கத்துவதை
அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அன்று கோல் விழுந்தது.
இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.
எனக்கு அது பழக்கமே இல்லை,
கை நடுங்கி மாத்தே கொட்டிவிட்டது.

திங்களன்று இணையம் வந்தது.
கடவுச்சொல்லை மாற்றினேன்.
என்ன என்று சொல்வதாக இல்லை.
குட்டையானது,
மாவுக் கையால் திருகலாம்.